நூல் பெட்டிக்குள் நண்டுச்செடி

அண்ணி என்னிடம் முதன்முதலாக உதவி என்று ஒன்றைக் கேட்டது சென்ற ஐப்பசியில். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்பனவற்றுக்கு அப்பால் எங்கள் பேச்சு போனதில்லை. எனக்குப் பேச்சு எளிதில் வருவதில்லை. அவருக்கோ அந்த வீட்டில் யாரிடம் எதுவரை பேசலாம் என்பது அதுவரை விளங்கியிருக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் இருவருக்கும் நடுவில் நின்று எதையாவது உளறிச் சிரிக்க வைத்திருப்பான். அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் திரிபவன். ஆண்டின் பெரும்பகுதி அவனுடைய குரல் மட்டும் கைப்பேசி வழியாக வீட்டுக்கு வந்துபோகும்.

அந்த ரிக் வண்டிதான் அண்ணியையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் துளையிடப் போன இடத்தில், பாறை விட்டுக்கொடுக்காமல் வேலை நீண்டுகொண்டே போக, பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டவன் தன் கல்யாணத்தையும் அங்கேயே முடிவுசெய்துகொண்டு இறங்கினான். நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் தறிக்குடும்பம். அவர்கள் மலைமேல் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு பக்கமும் சத்தமிட்டு, அழுது, ஓய்ந்து, கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தானது. அண்ணி வரும்போது ஒரு துணிப்பெட்டியும் ஒரு மண்தொட்டியும் கொண்டுவந்தார். தொட்டியில் இருந்தது அவருடைய அம்மா கிள்ளிக் கொடுத்த செடி. தட்டையான பச்சைத் துண்டுகள், ஒன்றின் நுனியை ஒன்று பற்றிக்கொண்டு, நண்டின் கால்களைப் போல நாலாப் பக்கமும் வளைந்து தொங்கும். அவர்கள் வீட்டில் அதற்கு நண்டுச்செடி என்றே பெயர். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒவ்வொரு காலின் நுனியிலும் இளஞ்சிவப்பாக ஒரு பூ, தரையை நோக்கிப் பாய்கிற பறவைபோல விரியுமாம்.

விரியுமாம் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒருமுறையும் பூக்கவில்லை.

அண்ணி கேட்ட உதவி இதுதான்: செடி ஏன் பூப்பதில்லை என்று நான் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் முதுகலை இலக்கியம் படிப்பவள்; எனக்குத் தெரிந்த பூக்கள் எல்லாம் செய்யுளுக்குள் பூத்தவை. அதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“எங்கம்மாகிட்ட வருசா வருசம் பூக்குதுன்னு சொல்லிட்டேன் பாப்பா.”

பிறகு மெல்ல மெல்ல முழுவதும் வெளிவந்தது. அவருடைய அம்மா வாரம் ஒருமுறை பேசுவார். எங்கள் கூடத்தில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். எனவே தாயும் மகளும் மனத்தில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசிக்கொள்வார்கள். மழை உண்டா, மிளகு காய்த்ததா, செடி பூத்ததா. முதல் டிசம்பரில் அண்ணி பூத்தது என்றார். இரண்டாவது டிசம்பரில், மலையைவிட இங்கே நன்றாகப் பூக்கிறது என்றார். அவருடைய அம்மாவுக்கு இரு கண்ணிலும் புரை. படம் அனுப்பச் சொல்லிக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. அதனால் பொய் தடையின்றி வளர்ந்தது.

இப்போது அந்தக் கண்களில் ஒன்றுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சேலத்துக்கு வருகிறார். நாள் குறித்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில். சிகிச்சைக்குப் பிறகு உடனே கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏறக்கூடாது என்பதால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வாசலை அவர் மிதிக்கப்போவது அதுவே முதல்முறை. கண்கட்டைப் பிரித்ததும் தெளிந்த பார்வையோடு முதலில் தேடப்போவது அந்தச் செடியை.

“செடி பூக்கலைன்னு தெரிஞ்சா நான் சொன்னது எல்லாமே பொய்யின்னு நெனச்சுக்குவாங்க,” என்றார் அண்ணி.

‘எல்லாமே’ என்பதில் எவை எவை அடங்கும் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு வாரமும் அவர் கைப்பேசியில் சொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன்.

அன்று தொடங்கி, ஆய்வேட்டுக்குப் படிக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டுச் செடியைப் படித்தேன். பிரேசில் நாட்டு மலைக்காடுகளில் மரக்கிளைமேல் தொற்றி வளரும் கள்ளி இனம் அது. வெயில் கடுமையாக விழக்கூடாது. குளிர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இருட்டு வேண்டும். பகலைவிட நீண்ட, நடுவில் ஒரு விளக்குக்கூடக் குறுக்கிடாத இருட்டு, பல வாரங்கள் தொடர்ந்து. இரவு நீள்வதைக் கொண்டுதான் தன் பருவம் வந்துவிட்டது என்பதை அது அறிகிறது.

இதைப் படித்த அன்று மாலை தெருவுக்கு வந்து பார்த்தேன். தொட்டி சுற்றுச்சுவரின் மேல் இருந்தது. கள்ளியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று அம்மா முதல் நாளே அதற்கு அங்கே இடம் கொடுத்துவிட்டாள். அதன் நேர் மேலே, விடிய விடிய எரியும் வெள்ளைத் தெருவிளக்கு. செடியின் நிழல் சுவரில் கத்தரித்து ஒட்டியதுபோல விழுந்திருந்தது, என் நிழலும். பிற்பகல் வெயிலில் அதன் துண்டுகள் செம்பழுப்பேறிப் போயிருந்தன. மூன்று ஆண்டுகளாக அதற்கு வெயில் மிகுதியாகவும் இரவு இல்லாமலும் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் இரவு உண்டா என்று யோசித்தபோது அதுவும் எளிதாகத் தோன்றவில்லை. மாலை, யாமம், வைகறை என்று சிறுபொழுதுகளைப் பிரித்துப் பிரித்துப் படிக்கிறவள் நான். எங்கள் வீட்டில் அந்தப் பிரிவுகளுக்கு வேலையே இல்லை. பின்கட்டில் விசைத்தறிகள் இரவும் பகலுமாக இரண்டு முறைமாற்றில் ஓடுகின்றன. இழை அறுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே குழல்விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு சன்னலின் வழியாகவும் வீட்டுக்குள் புகுந்து படுத்திருக்கும். இருட்டு வேண்டும் என்று இதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மின்சாரம் போனால் அப்பாவின் முகம் கறுக்கும், அவ்வளவுதான்.

அம்மா தறிக்கு ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சை எடுத்தேன். பொய்யைப் பற்றி வாய் திறக்கவில்லை. சம்பந்தியம்மா வரும்போது செடி பூத்திருந்தால் மகிழ்வார், அதற்கு அதை உள்ளே வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“கள்ளிய ஊட்டுக்குள்ள வெச்சா ஊடு வெளங்குமா சாமி?”

முள்ளே இல்லை என்றேன். அம்மா சுற்றும் கதிர்ச் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, ஒரு காலை நுனிவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். குத்தவில்லை. அதற்காக ஒத்துக்கொள்வாளா?

“பல்லப் புடுங்கிட்டா பாம்பக் கட்டில்ல படுக்க வெப்பியா?” என்றாள். பிறகு, தார் முழுவதும் சுற்றி முடித்த பின், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “உன்ற ரூம்ல வெச்சுக்க. சாமிரூம் பக்கம் கொண்டாரக் கூடாது.”

என் அறை கிழக்குச் சன்னல் உள்ள சிறிய அறை. பகல் வெளிச்சம் போதுமானது. இருட்டுக்கு அண்ணி ஒரு வழி கண்டார்: நூல் கோன்கள் வரும் அட்டைப்பெட்டி. தறிக்கொட்டகையில் அதற்குப் பஞ்சமில்லை. பெரியதாக ஒன்றை எடுத்து, தூக்குவதற்காக அதன் பக்கங்களில் வெட்டியிருந்த துளைகளில் கழிவு நூலை அடைத்து, பொழுது சாயும்போது தொட்டியின் மேல் கவிழ்ப்போம். மறுநாள் வெயில் சன்னலுக்கு வந்த பிறகு எடுப்போம். தண்ணீரைக் குறைத்தோம். மண்ணின் மேற்புறம் விரலுக்கு உலர்ந்து தட்டுப்பட்ட பிறகே ஊற்றினோம்.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். அந்த எளிமை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. பெட்டியின் மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் நுழைகிறதா என்று சந்தேகம். தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெட்டியைத் தூக்க வேண்டும். தூக்கினால் இருட்டு கெடும். மேசைவிளக்கைப் போட மனம் ஒப்பவில்லை. புத்தகத்தோடு வெளியேறி மாடிப்படியில் உட்காருவேன். ஒரே பத்தியை மீண்டும் மீண்டும் படிப்பேன். எழுந்து அறைக் கதவுவரை போவேன், உள்ளே போகாமல் திரும்புவேன். பார்க்காமல் இருப்பதே வேலையாக உள்ள ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. ஆய்வேட்டின் இரண்டாம் இயல் அந்த மாதம் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

சில நாள் அண்ணியும் படிக்கு வருவார். என்னைப் போலவே அவருக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மலையில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடும், கோழிகள்கூடச் சீக்கிரம் அடைந்துவிடும் என்பார். தறிச்சத்தத்துக்கு நடுவில் முதல் ஆண்டு தூங்கவே முடியவில்லை, இப்போது மின்சாரம் நின்றால் விழிப்பு வந்துவிடுகிறது என்பார். எதையும் குறையாகச் சொல்லமாட்டார். வானிலை அறிக்கை படிப்பதுபோல இருக்கும்.

அப்பா ஒருநாள் பெட்டியைக் கண்டு உள்ளே என்ன என்று கேட்டார். “உங்க மருமவளோட கள்ளி தூங்குது, சத்தம் போடாதீங்க,” என்றாள் அம்மா. அதில் கேலி பாதியும் எச்சரிக்கை பாதியும் இருந்தன.

தீபாவளி இரவைப் பற்றி நான் பயந்தேன். தெரு முழுவதும் மத்தாப்பு. சன்னலுக்குக் குறுக்கே போர்வையைக் கட்டிச் சமாளித்தோம். ஆனால் திருக்கார்த்திகை வந்தபோது நான் மறந்தேவிட்டேன். அம்மா வழக்கம்போல வாசலிலும் மதிலிலும் சன்னல்களிலும் அகல் வைத்துக்கொண்டு வந்தாள். நினைவு வந்து நான் ஓடியபோது எல்லாச் சன்னலிலும் விளக்கு இருந்தது, என் அறைச் சன்னல் ஒன்றைத் தவிர. அம்மா காலித் தட்டோடு சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். 

அதன்பின் ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பெட்டியை எடுத்தபோது, ஒரு காலின் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் காலிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் தரையில் மண்டியிட்டு, மூச்சு அதன்மேல் படாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது அச்சம்.

“இனிமே இது விழாம இருக்கணும் பாப்பா,” என்றார்.

அவர் சொன்னது சரி. மொட்டு விட்டபின் இருட்டு தேவையில்லை. ஆனால் தொட்டியை நகர்த்தக் கூடாது, திசை திருப்பக் கூடாது, தண்ணீரைத் திடீரெனக் கூட்டக் கூடாது. இவற்றில் எதைச் செய்தாலும் செடி மொட்டுகளை உதறிவிடும். அண்ணியிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. கள்ளியை அம்மா தொடுவாள் என்று யார் நினைப்பார்கள்? பெட்டியை மட்டும் பழக்கத்தின் பயத்தால் நாங்கள் விடவில்லை. மாலையில் கவிழ்த்துக்கொண்டே இருந்தோம்.

மார்கழி பிறந்தது. மொட்டுகள் மிளகளவாகி, நெல்லளவாகி, கூர்ந்து நீண்டன. அம்மா தினமும் காலையில் என் அறை வாசலில் நின்று “வருதா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

சம்பந்தியம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அண்ணி கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். மாலையில் இருவரும் தெருமுனையில் சந்தித்து ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தோம். கூடம் கழுவித் துடைத்திருந்தது. சோபாவுக்குப் புதிய உறை. விருந்தாளி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் எங்கள் தறியில் நெய்த கரைவேட்டித் துணி விரித்து, அதன்மேல் செடி. குழல்விளக்கு நேர் மேலே எரிந்தது. ஒவ்வொரு இலைத்துண்டும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டு மின்னியது. மொட்டு அதிகமிருந்த பக்கம் வாசலைப் பார்க்கும்படி தொட்டி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிறைந்து நின்றது.

அண்ணி வாசல்படியிலேயே நின்றுவிட்டார். ஏன் எடுத்தாய் என்று நான்தான் கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“பொண்ணுகிட்டக் குடுத்தனுப்புன செடிய அட்டப்பொட்டில அடைச்சு மூலையில வெச்சிருக்கறத சம்பந்தி பாக்கோணுமா? செடியவே இப்பிடி வெச்சிருக்கறவங்க பொண்ண எப்பிடி வெச்சிருப்பாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா சாமி?”

 திருப்பி எடுத்துப் போனால் இன்னொரு அசைவு. தண்ணீரை மட்டும் வடித்தேன். அண்ணி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து அரிசி களைந்தார்.

மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்கிய அம்மா சமையலறைக்கு வந்து, உள்ளங்கையை என் முன் நீட்டினாள். அதில் சிவந்த மொட்டுகள். இன்னும் சில விழும் என்பது எனக்குத் தெரிந்தது. அண்ணி குளிக்கப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன்: இருட்டைப் பற்றி, நகர்த்தக் கூடாது என்பதைப் பற்றி, கைப்பேசியில் ஆண்டுக்கு ஒருமுறை பூத்த பூவைப் பற்றி.

அம்மா கடைசிவரை கேட்டாள். அடுப்பைச் சிறிதாக்கினாள்.

“நல்லா இருக்கேன்னு சொல்றதும் இதே மாதிரிதானா?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அம்மா அந்த மொட்டுகளைக் குப்பையில் போடாமல் முந்தானை முனையில் முடிந்துகொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சம்பந்தியம்மா மறுநாள் பிற்பகல் வந்தார். அண்ணி பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, ஒரு பையில் காப்பித்தூளும் மிளகும், இன்னொன்றில் ஆரஞ்சும். அம்மா வாசலுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து சோபாவில் உட்கார வைத்தாள். மலையிறக்கத்தில் வாந்தி வந்ததா, எந்தக் கண்ணுக்கு முதலில் செய்கிறார்கள், சர்க்கரை உண்டா என்று மரியாதையான பேச்சு கொஞ்ச நேரம் நடந்தது. சம்பந்தியம்மாவின் பார்வை மூடுபனிக்குள் தேடுவதுபோலக் கூடத்தைச் சுற்றிவந்தது. பிறகு, செடி எங்கே என்று கேட்டார்.

அண்ணி சமையலறை வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தம்ளரைப் பார்த்தார். இருவருக்கும் முன்னால் அம்மா பேசிவிட்டாள்.

“இந்தா, உங்க பக்கத்துலயே இருக்குதுங்க சம்பந்தி. வருசா வருசம் கொள்ள கொள்ளயாப் பூக்கும். இந்த வருசந்தான் நான் எடம் மாத்தி வெச்சுக் கெடுத்துப்போட்டேன். மொட்டெல்லாம் கொட்டிப்போச்சு. உங்க பொண்ணு மேல தப்பில்லீங்க.”

கதவு தட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம், வேண்டாதவள் என்றாலும், ஆள் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் என் அம்மா. அந்த வாக்கியங்களை அவள் முன்னமே தயார்செய்து வைத்திருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் முந்தானை முனையை இறுகப் பற்றிக்கொண்டாள். சம்பந்தியம்மா கையை நீட்டிச் செடியைத் தொட்டார். விரல்கள் ஒரு காலைப் பிடித்து மெதுவாக நுனிவரை போயின.

“இல்லம்மா,” என்றார் அண்ணி. “இங்க ஒரு வருசமும் பூக்கல. நாந்தான் பூத்துச்சுன்னு சொல்லிட்டே இருந்தேன். அத்தை எனக்காகச் சொல்றாங்க.”

பின்கட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு, மகள் நின்ற திசையில் பார்த்தபடி சொன்னார்.

“நம்ம வீட்டுச் செடி போன வருசத்துக்கு மொத வருச மழையிலயே அழுகிப் போச்சு. ஒரு கணு மிஞ்சல. உங்கிட்ட இருக்கறதாவது இருக்குதான்னுதான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். நீ வருத்தப்படுவேன்னு, இங்கயும் பூத்திருக்குன்னே சொல்லிட்டு இருந்தேன்.”

 அம்மாதான் முதலில் பேசினாள்.

“ஆத்தாளும் மவளும் போன்லயே நல்லாப் பூக்க வெச்சிருக்கீங்க.”

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும். அண்ணி சிரித்தாரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்ளரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மா, இத்தனை ஆண்டு கைப்பேசியில் கேட்க முடியாததை, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“பூ கெடக்கட்டும். நீ எப்பிடி இருக்கே?”

 அண்ணி கரைவேட்டித் துணியின் ஓரத்தை நேராக்கினார்.

“இருக்கேம்மா. எல்லா நாளும் நல்லா இருக்கேன்னு சொல்ல முடியாது. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அவர் இல்லாத மாசத்துல, இந்த ஊட்ல எனக்கு என்ன வேலைன்னுதான் தெரியல.”

‘வீடு’ என்றே சொல்லி வந்தவர் அன்று எங்களைப் போல ‘ஊடு’ என்றது என் காதில் விழுந்தது. அம்மா எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்து நான் கலங்கினேன். ஏதாவது சொல்லிவிடுவாள், அல்லது சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசத் தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் நேராகச் சுவரருகே போய்க் குழல்விளக்கை அணைத்தாள்.

“பொழுது எறங்கிருச்சு. மிச்ச மொட்டுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு பாப்பா சொல்லுச்சு,” என்றாள்.

நான் சொன்னது அதுவல்ல. மொட்டு விட்ட செடிக்கு விளக்கு தீங்கு செய்வதில்லை. தவறான தகவல் ஒன்றைத் திருத்தாமல் விடுவது என் இயல்பும் அல்ல. அன்று வாயை மூடிக்கொண்டேன். தொலைக்காட்சியும் போடப்படவில்லை. இருட்டில் அம்மா சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள். முகங்கள் தெரியாமல் போன பிறகு பேச்சு எளிதாயிற்று. அண்ணனின் சம்பளத்தைப் பற்றி அல்லாமல் அண்ணனைப் பற்றியே பேசினார்கள். அவன் எதற்கெடுத்தாலும் அடுத்த மாதம் என்று சொல்வதைப் பற்றி. அண்ணி கல்யாணத்துக்கு முன் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. அம்மாவுக்கும் அன்றுதான். “இத்தன நாளா ஏன் சொல்லல?” என்று அம்மா கேட்டாள். நீங்கள் கேட்கவில்லை என்று அண்ணி சொல்லவில்லை. கேட்கவில்லை என்பது இருட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கண் சிகிச்சை நல்லபடி முடிந்தது. செடியில் மிஞ்சியிருந்தவற்றுள் மேலும் சில உதிர்ந்தன. சுவரைப் பார்த்த பக்கத்தில் தாழத் தொங்கிய ஒரு காலில் மட்டும் ஒரு மொட்டு பிடிவாதமாக நின்று, கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஒரு காலையில் விரிந்தது. ஒரே ஒரு பூ. இதழ்கள் பின்னோக்கி வளைந்து, நடுவிலிருந்து சூலகத் தண்டு சிவந்த ஊசிபோல நீண்டிருந்தது. சம்பந்தியம்மா கறுப்புக் கண்ணாடியை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை மூடிப் பார்த்தார். பழைய கண்ணுக்குச் செங்கல் நிறமாகவும் புதிய கண்ணுக்கு ரோசா நிறமாகவும் தெரிகிறது என்றார். அம்மா என்னிடம் அது சரியாக என்ன நிறம் என்று கேட்டாள். சொல்லத் தெரிந்திருக்க வேண்டியவள் நான். எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

பூ இருக்கும்போது கிள்ளக்கூடாது என்று சம்பந்தியம்மா துண்டு எடுக்காமலே மலையேறினார். பொங்கலுக்கு வருகிறேன் என்ற அண்ணன் வரவில்லை. வண்டிக்குப் புதிய வேலை கிடைத்துவிட்டதாம். தை பாதியில், பூ வாடி உதிர்ந்து காம்பும் காய்ந்த பின், அண்ணி நல்ல கால்கள் சிலவற்றை முறுக்கிப் பிரித்து, நிழலில் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றினார். அதைத் தானே தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் தனியாக மலைக்குப் போவது அதுவே முதல்முறை. பொட்டலத்தோடு ஒரு துணிப்பையும் இருந்தது. சில செடித்துண்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்தப் பை பெரியது. அம்மாவும் அதைப் பார்த்தாள்.

வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும் எப்போது திரும்புவாய் என்று கேட்காமல் அம்மா அனுப்பியதில்லை. அன்று கேட்கவில்லை. குங்குமம் எடுத்து வந்து, ஒரு கணம் தயங்கி, அண்ணியின் நெற்றியில் இடாமல் தட்டிலேயே விட்டுவிட்டு, தலையில் கை வைத்தாள். “மெதுவா வா கண்ணு,” என்றாள்.

நான் பேருந்து நிலையம்வரை போனேன். ஏற்காட்டுப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

“பூத்து முடிஞ்ச செடிக்கு ஓய்வு வேணும் பாப்பா. தண்ணி கொஞ்சமா ஊத்து. மண்ணு காஞ்சு கெடந்தாலும் பயப்படாதே.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கலாம். சரி என்று தலையாட்டினேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கோரிமேடு பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் போகும் நகரப் பேருந்து ஒன்று வந்தும் ஏறாமல், அம்மாபேட்டைக்கு நடக்கத் தொடங்கினேன்.